கோடு பார்த்தவர்

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் இறங்கி, கிரீஸும் கையுமாக நிற்பார். ஞாயிறு வந்தால் கால்பந்து. ஆடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். பந்துப் பையைச் சுமந்து போய், மாற்று ஆட்டக்காரர் என்ற பெயரில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு, பதினோரு தடியன்களின் வேர்வைச் சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறப்போடுவார். அந்த நாற்றத்துக்கு அக்கா குளியலறைப் பக்கமே தலைகாட்ட மாட்டாள்.

"ஃபைனல்ல முதல்லயே நீங்கதான் இறங்குறீங்க" என்று கேப்டன் சத்தியம் செய்திருந்தான். நாற்பத்து நாலு வயதில் மனிதர் புது ஷூ வாங்கினார். என்னையும் பார்க்க இழுத்துக்கொண்டு போனார்.

போனால், கேப்டன் எங்கிருந்தோ கூலிக்கு ஒரு முரடனைப் பிடித்து வந்திருக்கிறான். புதுப் பெயர் சேர்க்கும் நாள் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் ஞாயிறு ஆட்டத்தில் முகத்தை எவன் பார்க்கிறான்? பதிந்த பெயர் இருந்தால் போதும்.

"அண்ணே, உங்க பேர்ல இவன் ஆடட்டும். கப்பு முக்கியம்ணே. நீங்க கோடு பாருங்க" என்று கொடியைக் கையில் திணித்தான். பந்து கோட்டைத் தாண்டினால் கொடி காட்ட அணிக்கு ஓர் ஆள் தர வேண்டும். வேலைக்கு ஆகாதவன் தலையில்தான் அது விழும். இவர் மண்டையை மண்டையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முரடன் இரண்டு கோல் போட்டான். முடியப்போகிற நேரத்தில் தனக்கு எதிராக விசில் ஊதிய நடுவரின் பின்கழுத்தில் காறித் துப்பினான். சீ! கொடி பிடித்தவரின் கண்ணெதிரேதான். நடுவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இவரிடம் வந்தார்.

"எவன் துப்பினது? பார்த்தீங்களா?"

பின்னால் நின்ற கேப்டன் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"ஒன்பதாம் நம்பர் சார்."

"பேர்?"

இவர் தன் பெயரைச் சொன்னார். பார்க்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். 'அது என் பேரு, ஆடுறவன் வேற ஆள்' என்று முழுசாகப் போட்டு உடைத்திருக்கலாம். இரண்டும் இல்லை. கேப்டன் நிம்மதியாகப் பல்லைக் காட்டினான்.

"இனி ஆயுசுக்கும் அந்த ஆள் இந்த லீக்ல ஆட முடியாது" என்றார் நடுவர்.

"கொடியாவது பிடிக்கலாமா சார்?"

நடுவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த நாய்க்கு நீங்க ஏங்க பரிஞ்சு பேசுறீங்க?"