இத்தாலி சைஸ் பெட்டியும் என் தேனீங்களும்

ஒரு வாரமா என் தேனீங்க பெட்டி வாசல்ல தாடி மாதிரி தொங்கிகினு கீதுங்க. திருத்தணி வெயில்ல உள்ள ஒரே புழுக்கம், ராணி முட்டை வைக்கவும் இடமில்ல. இப்படியே விட்டா மொத்தமா பறந்துடும்!

அதுக்குத்தான் இருக்குற பெட்டி மேல அடுக்க ஆன்லைன்ல ஒரு மேல்பெட்டி வாங்கினேன். இன்னிக்கு வந்துச்சி. வெச்சா நாலு பக்கமும் வெளிய நீட்டுது. அது பெரிய இத்தாலி தேனீ சைஸாம், என்னுது சின்ன நாட்டுத் தேனீ!

டவுன் பஸ்ல தூக்கினு கார்பெண்டர் பாவா கிட்ட ஓடினேன்.

"ஜாக்கெட்டுக்கே அளவு குடுக்குறாங்க. நீ தேனீக்கு வீடு வாங்குற, அளவு எடுக்கலியா?"

"நான் பாத்த தேனீ வீடியோல யாரும் எடுக்கலியே பாவா!"

சிரிச்சிகினே பெட்டி, உள்ள தேனடை கட்டுற சட்டம் எல்லாத்தையும் அறுத்து சின்னதாக்கினாரு. "மிச்ச துண்ட மூடிக்கு அடியில மூலைக்கு ஒண்ணு வை, காத்து போவும்"னாரு.

வெச்சிட்டேன். தேனீங்க பாதி உள்ள போச்சி, பாதி இன்னும் வாசல்லதான்.

அறுத்த பெட்டிய கம்பெனிக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். இதுங்களும் வேணாம்னா, அதுல யாரத்தான் குடி வைக்கிறது? சொல்லுங்கப்பா!