வாடகை வராத எட்டு விளக்குகள்

அன்று எங்கள் தெருமுனையில் மண்ணெண்ணெய் வாடைக்கு நடுவே நின்றவர்கள் இவர்கள்தான்: மேடையில் முனிசிபல் சேர்மன், எங்கள் வார்டு கவுன்சிலர், நாதசுரக்காரர்கள் இருவர், கீழே பீடி சுற்றும் பெண்கள், அவர்களுக்கு முன்னால் மைதீன் பாத்து மாமி, ஓரத்தில் எட்டு காஸ் லைட்டுகளுக்கு மாறி மாறி பம்ப் அடித்துக்கொண்டு என் அம்மா கோமதி, அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நான். எங்கள் தெருவுக்கு முதன்முதலாகக் கரண்டு வந்த சாயங்காலம் அது.

தென்காசியில் ரத வீதிகளுக்கு எப்போதோ விளக்கு வந்துவிட்டது. ரயில் பாதையை ஒட்டிய எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. அப்பா இறந்த பிறகு அவருடைய காஸ் லைட் வாடகைக் கடையை அம்மாதான் நடத்தினாள். கல்யாண வீடுகளுக்கும், சாரல் காலத்தில் குற்றாலத்துப் பழக்கடைகளுக்கும் விளக்குகள் போகும். ஒன்றை மட்டும் யாருக்கும் விடமாட்டாள். பொழுது சாய்ந்ததும் கடை வாசல் "கொக்கி"யில் மாட்டிவிடுவாள். அதன் கீழே பெண்கள் மடியில் "சொளவு" என்கிற முறத்தை வைத்துப் பீடி சுற்றுவார்கள். அந்த வெளிச்சத்தில் கூடுதலாகச் சுற்றிய பீடியில்தான் பல வீடுகளில் மறுநாள் அடுப்பு எரிந்தது. நானோ அந்த விளக்கு வெடித்துவிடுமோ என்று தினமும் பயந்துகொண்டு தள்ளியே உட்கார்ந்திருப்பேன்.

வெளிச்சம் எட்டாத சாக்கடையோரம் பாம்பு கடித்து மைதீன் பாத்து மாமியின் மகன் செத்துப்போனான். அதன் பிறகுதான் அம்மா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, தெருவிளக்கு கேட்டு மனுக் கொடுக்க முனிசிபாலிட்டி ஆபீசுக்கு நடக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி கோமதி, கரண்டு வந்தா ஒன் கடை என்னத்துக்காவும்? ஒன் தலையில நீயே மண்ணள்ளிப் போடுதியே" என்று மாமியே கேட்டாள்.

"ஒத்த வெளக்கு தெரு முழுக்க எட்டலையே மைனி. எட்டியிருந்தா ஒம் மவன் இருப்பாம்லா. கடைய நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொள்வாள் என்று மாமி நம்பினாள். நான் நம்பவில்லை. வகுப்பில் வாத்தியார் சொல்வது காதில் ஏறாது. கரண்டு வந்தால் நாங்கள் எதைச் சாப்பிடுவது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியில் கம்பம் நட்டார்கள். விழாவுக்கு முதல் நாள் கவுன்சிலர் கடைக்கே வந்தார். "சாரல் நேரம் பாத்துக்கோ. கரண்டு நின்னுபோச்சுன்னா சேர்மன் முன்னால மானம் போயிரும். எட்டு லைட்டும் வேணும். வாடகைய கையோட குடுத்துருதேன்" என்றார். வாசல் விளக்கு போக மிச்சமிருந்த அந்த எட்டும் குற்றாலத்துக் கடைகளுக்குப் போக வேண்டியவை. அம்மா அந்தக் கடைக்காரர்களிடம் இல்லையென்று சொல்லிவிட்டாள். அவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள், அதற்குப் பிறகு எங்கள் கடைப்பக்கம் வரவேயில்லை.

சேர்மன் சுவிட்சைத் தட்டினார், பல்பு எரிந்தது, கை தட்டினோம். தட்டி முடிப்பதற்குள் காற்றோடு சாரல் வந்தது, கரண்டு போய்விட்டது. மிச்ச விழா முழுவதும் அம்மாவின் விளக்கில்தான் நடந்தது. சூடான கண்ணாடியில் தூறல் பட்டு இரண்டு விளக்குகளின் கண்ணாடி விரிசல் விட்டது. இந்தத் தெருவின் இருட்டைத் தானே ஒழித்ததாகக் கவுன்சிலர் பேசினார். அம்மாவின் பெயரை யாரும் சொல்லவில்லை. கவுன்சிலர் முகம் ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே என்று அவள் குனிந்து பம்ப் அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வாடகை கேட்டுக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனோம்.

"வெளக்கு வேணும்னு நீதானே வந்து நின்ன? கொண்டாந்து குடுத்தவன்கிட்டயே வாடகை கேக்குதியே, நல்லாருக்கா?" என்று சிரித்தார்.

"அது தெரு வெளக்கு அண்ணாச்சி. நான் கேக்குதது என் கடை வெளக்குக்கு."

அவர் உள்ளே போய்விட்டார். கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அம்மா வீடு வீடாகக் கேட்டாள். மனுக் கொடுக்கத் தெருவே திரண்டு வந்ததே, இதற்கு ஒருவரும் வரவில்லை. "நாங்க வந்தா ரோட்டு லைட்டப் பிடுங்கிருவாம்லா, கோமதி" என்றாள் மாமி. மகனைப் பறிகொடுத்தவளின் பயம்; அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மறக்கவும் முடியவில்லை.

கல்யாண வீடுகளுக்கும் கரண்டு வந்தது. விளக்குகள் பித்தளை விலைக்குப் போயின. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது. புதுத் தெருவிளக்கின் கீழே அம்மாவும் நானும் சொளவோடு உட்கார்ந்தோம். மாமிதான் இலை வெட்டச் சொல்லிக்கொடுத்தாள். "வெளிச்சம் நல்லாருக்குல்லாட்டி?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

இன்று தெருவில் நட்டநடுப் பகலிலும் வெள்ளை விளக்குகள் எரிகின்றன, அணைக்க ஆளில்லை. எங்கள் கடை இல்லை, கொக்கி அடித்திருந்த சுவரும் இல்லை. தெருவுக்கு அந்தக் கவுன்சிலரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். என் ரேஷன் கார்டில் என் பெயருக்குக் கீழே, முகவரியில், அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் என் அம்மாவுக்குத் தர வேண்டியது, எட்டு விளக்குக்கும் இரண்டு கண்ணாடிக்குமாகச் சேர்த்து, பதினாலு ரூபாய் எட்டணா.