ஜரினா வாங்கிய கம்ப்யூட்டர்

ஜரினாவின் கம்ப்யூட்டர் ஒரு கல்யாணப் பத்திரிகையின் நடுவில் செத்துப்போனது. மணமகனின் தாத்தா பெயரை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும்போது பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகிய நாற்றம். திரை இருட்டிவிட்டது. அவள் பதறவில்லை. எழுந்து சுவிட்சை அணைத்தாள், ஜன்னலைத் திறந்துவிட்டாள், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச காலமாகவே அவளுக்கு அப்படித்தான். எது நடந்தாலும் முதலில் உட்காரத்தான் தோன்றியது.

பூந்தமல்லியில் அவளைத் தெரியாத அச்சகக்காரர்கள் குறைவு. கல்யாணத்துக்கு முன்பே டிரங்க் ரோட்டில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. என்கிற கம்ப்யூட்டர் அச்சுக்கோர்ப்பு வேலைக்குச் சேர்ந்தவள். மகள் தஸ்லீம் பிறந்த பிறகு வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் போட்டுக்கொண்டாள். நிக்காஹ் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதத்துக் கூழ் வார்ப்பு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று அந்தப் பக்கத்து நல்லது கெட்டது எல்லாம் அவள் விரல் வழியாகப் போயிற்று. கீபோர்டைப் பார்க்கமாட்டாள். பக்கத்தில் கிடக்கும் கைப்பிரதியை மட்டும் பார்த்து அடிப்பாள். பழைய தட்டச்சு முறை, பழைய எழுத்துருக்கள், பக்கம் வடிவமைக்கப் பழைய பேஜ்மேக்கர் சாப்ட்வேர். அந்த எழுத்துருக்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் கட்டைவிரல் நீளத்தில் டாங்கிள் என்ற ஒரு சாவித் துண்டைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகி வைத்திருக்க வேண்டும். அதை விற்ற கம்பெனி மூடிப்போய் வெகு காலமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் கம்ப்யூட்டர் பேச்சுதான். கணவர் கலீல் ரகுமான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறவர். சட்டையைக் கூட மாற்றாமல் ஆரம்பித்துவிட்டார்.

"பேசாம ஷோரூம்ல ரெடிமேடா வாங்கிடு ஜரினா. வாரண்டி கீது. கெட்டுப்போச்சுன்னா அவனே ஊட்டுக்கு வந்து பாப்பான்."

தம்பி சமீர் ஆவடியில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். செய்தி கேள்விப்பட்டு வந்திருந்தான். "இன்னா மச்சான் நீங்க? கம்மி வெலை ரெடிமேடுல உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்? பேருக்கு ஒரு போர்டு, பேருக்கு ஒரு பவர் சப்ளை. நாமளே பாத்துப் பாத்து அசெம்பிள் பண்ணா அதே காசுக்குப் பறக்கும். அக்கா, நீ சரின்னு மட்டும் சொல்லு. ரிச்சி ஸ்ட்ரீட் போலாம்."

"வீடியோ எடிட்டிங் பண்ற மாதிரி எடுங்க மாமா, எனக்கும் ஆகும்" என்றாள் தஸ்லீம், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜரினா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு இப்போதெல்லாம் குக்கரைத் தூக்க விடுவதில்லை. கூடத்தில் குரல்கள் ஏறிக்கொண்டே போயின. "எதையாவது வாங்குங்க, சத்தம் போடாதீங்க" என்று சொல்லத்தான் நினைத்தாள். சொன்னால் நிஜமாகவே எதையாவது வாங்கிவிடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

கலீலுக்கு லீவு கிடைத்த நாளில் இருவரும் அம்பத்தூரில் ஒரு ஷோரூமுக்குப் போனார்கள். சில்லென்ற ஏ.சி. அபிஷேக் என்று சட்டையில் பெயர் குத்திய பையன் மரியாதையாக ஸ்டூல் போட்டான். அவன் காட்டிய கம்ப்யூட்டர் டிபன் கேரியரை விடச் சின்னதாக இருந்தது.

"என்ன யூஸுக்கு மேடம்?"

"தமிழ் டைப்பிங்தாம்பா. பத்திரிகை, போஸ்டர்."

"அப்ப இது தாராளம் மேடம். நீங்க டைப்பே பண்ண வேணாம். மைக்ல பேசினா அதுவே அடிச்சிடும். ஏதாவது சொல்லுங்களேன்."

அவளுக்கு வாயில் வந்தது அதுதான். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி ஒரு பத்திரிகையின் முதல் பத்தியைச் சொல்லி முடித்தாள். திரையில் எழுத்துகள் அவள் குரலுக்குப் பின்னாலேயே ஓடி வந்தன. தப்பு தேடினாள். ஒன்றும் இல்லை. பையன் சிரித்தான், கலீலும் சிரித்தார். தப்பில்லாமல் வந்ததுதான் அவளுக்கு என்னவோ செய்தது.

"பழைய பேஜ்மேக்கர் இதுல ஓடுமா?" என்று கேட்டாள்.

"பேஜ்... என்ன மேடம்?"

அவன் மேனேஜரைக் கூட்டி வந்தான். புது விண்டோஸில் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது, டாங்கிள் பற்றித் தெரியாது, பழைய ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைக்கலாமென்றால் திறந்ததும் வாரண்டிக்குப் பிரச்சினை வரும் என்றார் அவர். ஜரினா தலையாட்டினாள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டாள்.

அயனம்பாக்கம் ஏரிக்கரை வந்ததும் கலீல் பைக்கை மெதுவாக்கினார். பிறகு, "புதுசைக் கத்துக்கயேன். உனக்கு இன்னா, புத்தி இல்லியா?" என்றார்.

"கத்துக்கலாங்க. இப்ப முடியல."

அவர் மறுபடி வேகத்தைக் கூட்டினார்.

சமீரோடு ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனது இன்னும் மோசம். வெயில், சந்து முழுக்கத் தள்ளுவண்டி, கடைக்குக் கடை மாடிப்படி. காலையில் ஒரு கடையில் சொன்ன ராம் மெமரி விலை மத்தியானம் திரும்பிப் போனபோது இல்லை. ஸ்டாக் வரவில்லை, வந்தால் இன்னும் ஏறும் என்றார்கள். சமீர் சளைக்கவில்லை. கண்ணாடிப் பக்கம் வைத்து, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடும் ஒரு கம்ப்யூட்டர் கேபினட் முன்னால் போய் நின்றுகொண்டான்.

"எனக்கு எதுக்குடா லைட்டு? கண்ணு ஏற்கெனவே கூசுது."

"கெத்தா இருக்கும்கா. பின்னாடி கேம் கார்டு கூடப் போட்டுக்கலாம்."

"இதுல என் எழுத்து ஓடுமா?"

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

அவள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இது உன் கம்ப்யூட்டர்டா சமீர். என்னுது இல்ல." அதட்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் முகம் விழுந்துவிட்டது. வாடகை வீட்டில் இரண்டு குழந்தைகளோடு இருக்கிறவன். தனக்கென்று ஒரு விளையாட்டுச் சாமான் வாங்க அவனுக்கு எப்போது வாய்க்கப்போகிறது என்று அவளுக்கும் தெரியும். திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே பூந்தமல்லி வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை திருவேங்கடம் போன் செய்தார். திருவேற்காட்டில் பிரிண்டிங் கடை வைத்திருப்பவர். ஜரினாவுக்கு வரும் வேலையில் பெரும் பகுதி அவர் அனுப்புவதுதான்.

"அம்மா, அயனம்பாக்கத்துல ஒரு பெரியவர் தவறிட்டாரு. மத்தியானத்துக்குள்ள போஸ்டர் ஒட்டியாவணும்."

"மிஷின் படுத்துடுச்சுண்ணே."

"அப்ப இங்க வந்து அடிச்சுக் குடுத்துடுங்களேன்."

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள். அவர் கடையில் இருந்தது புது மாதிரி கீபோர்டு முறை. ஆங்கிலத்தில் அடித்தால் தமிழில் வரும். மூன்று விநாடியில் முடிக்கும் பெயருக்கு அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டியிருந்தது. விரல் பழைய இடத்துக்கே போயிற்று. இறந்தவரின் மகன் உத்தமன் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இரவெல்லாம் அழுத கண். அவள் முடித்து, பிரிண்டுக்குக் கொடுக்கப் போகும் நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, அப்பா பேர்ல ஒரு கால் வுட்டுப்போச்சு."

ராமானுஜம் என்பது ராமனுஜம் என்றிருந்தது. அவள் திருத்தினாள். அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லக்கா, பரவால்லக்கா" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ சாவுக்கு அடித்திருக்கிறாள். சாவு வீட்டுக்காரர் அவளைத் தேற்றியது அதுதான் முதல் தடவை.

போஸ்டர் போன பிறகு திருவேங்கடம் டீ வரவழைத்தார். "மெதுவாவே வாங்குங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல. இப்பல்லாம் பசங்க போன்லயே டிசைன் பண்ணி அனுப்பிடறாங்க" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்கு அது வேறு மாதிரி கேட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "உங்க மிஷினை யாருண்ணே பாக்கறாங்க?" என்று கேட்டாள்.

கிருஷ்ணப்பிரியா என்றார். கள்ளிக்குப்பத்தில் ஒரு சின்னக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேரும் அசெம்பிளும் செய்கிற பெண்.

அந்த வாரமே கலீலும் அவளும் செத்த பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கிருஷ்ணப்பிரியா பட்ஜெட் என்ன என்று கேட்கவில்லை. "எது இல்லாம உங்களால வேலை செய்ய முடியாது, அதை மொதல்ல சொல்லுங்க" என்றாள். ஜரினா சொன்னாள். எழுத்துரு, டாங்கிள், பேஜ்மேக்கர், ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் பழைய பத்திரிகைகள். அவற்றைத் திறந்து பெயரை மட்டும் மாற்றச் சொல்லி இன்னும் ஆட்கள் வருகிறார்கள்.

கிருஷ்ணப்பிரியா பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பவர் சப்ளை எரிந்து போர்டையும் கொண்டுபோயிருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எஸ்டேட்ல ஒரு ஆபீஸ்ல கழிச்ச மிஷின் நாலஞ்சு எடுத்து வெச்சிருக்கேன். அந்த போர்டைப் போட்டு, பவர் சப்ளை மட்டும் புதுசா வெச்சுக் குடுக்கறேன். உங்க பழைய விண்டோஸ் ஓடும். ஆனா இதுல இன்டர்நெட் போடாதீங்க, ஆபத்து. புது வேலைக்கும் பத்தாது. ரெண்டு மூணு வருஷம் தள்ளும்க்கா, அவ்ளோதான்."

"எனக்கும் அவ்ளோதாம்மா தள்ளும்" என்றாள் ஜரினா.

கலீல் அவளைத் திரும்பிப் பார்த்தார். வாரண்டி பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

கிருஷ்ணப்பிரியா ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். ராமை ஜரினாவிடம் நீட்டி, "நீங்களே வைங்களேன். ரெண்டு ஓரத்தையும் அழுத்துங்க" என்றாள். ஜரினா பயந்து பயந்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. இத்தனை காலம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே தொட்டதில்லை. அவள் சிரித்ததைக் கலீல் கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்த சமீர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, காயலாங்கடையில இருந்து தூக்கினு வந்துட்டியா?" என்றான். ஆனால் வயர்களை எல்லாம் சேர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனான். பாதியில் நின்ற பத்திரிகையை அன்றே முடித்தாள். கல்யாண வீட்டார் தாமதத்துக்கு முணுமுணுத்தார்கள். அடுத்த வேலைக்கு வரவில்லை.

திருவேங்கடம் அனுப்பும் வேலையும் குறைந்துதான் விட்டது. வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள்: அக்காவுக்கு அடித்த மாதிரியே தங்கைக்கும் வேண்டும் என்பவர்கள். தஸ்லீம் தன் எடிட்டிங்கைக் கல்லூரி லேபில் பார்த்துக்கொள்கிறாள். அம்மாவின் போனில் தமிழ் கீபோர்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜரினா அதில் புது முறையைப் பழகப் பார்க்கிறாள். சில நாள் ஒரு பத்தி அடித்துவிடுகிறாள். பல நாள் இரண்டாவது வரிக்குள் கண் சொருகிவிடுகிறது.