ஃபெம்மி கொடுத்த காற்று

ஃபெம்மி எங்கள் நெதர்லாந்துக் கிராமத்து மருத்துவச்சி. இங்கே தேவபக்தியுள்ள வீடுகளில் கருவை ஸ்கேன் செய்ய மாட்டார்கள். "ஆண்டவர் மூடி வச்சத எட்டிப் பாக்க நீ யாரு?" என்று ஸ்கேன் செய்பவர்களைக் கேலி செய்வார்கள்.

அப்படியொரு வீட்டுப் பெண் யென்னியும் ஸ்கேன் செய்யவில்லை. வீட்டில் பிறந்த அவள் மகன் நீலம் பூத்து, அழாமல் கிடந்தான். ஃபெம்மி அவன் முகத்தில் முகமூடி வைத்து, காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே பிள்ளை இறந்தது.

டாக்டர் ஃபெம்மியைத் தனியே அழைத்தார். "நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத்துல ஓட்டை. குடல் நெஞ்சுக்குள்ள ஏறியிருந்துச்சு. நீங்க அமுக்கின காத்துல அது ஊதி நுரையீரலை நசுக்கிடுச்சு. ஸ்கேன்ல முன்னாடியே தெரிஞ்சிருந்தா இங்க பிறக்க வச்சு, நேரா தொண்டைக்குள்ள குழாய் விட்டிருப்போம். பொழச்சிருக்கலாம்."

வெளியே யென்னி ஃபெம்மியின் கையை முத்தமிட்டாள். "கடைசி வரைக்கும் காத்து குடுத்தீங்களே அக்கா! அடுத்ததுக்கும் நீங்கதான் வரணும். ஸ்கேன் எல்லாம் வேண்டாம்."

ஃபெம்மி சரி என்றாள்.