வியாழக்கிழமை அக்கா

இல்லை என்று சொல்ல வேண்டிய குடும்பத்தைத்தான் அக்கா முதலில் கூப்பிடுவார். ஆமாம் என்று சொல்ல வேண்டியவர்கள் அரைமணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. வேலைக்கு வந்த புதிதில் ஒருமுறை மாற்றிச் செய்துவிட்டார். பட்டியலில் இடம் கிடைத்தவர்கள் வார்டு முழுக்கச் சாக்லேட் கொடுத்தார்கள். கிடைக்காதவரின் மகள் அதில் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, "எங்களுக்கும் இன்னைக்குத்தானே சொல்வீங்க?" என்று வந்து நின்றாள். அதற்கப்புறம் அந்தத் தப்பு நடக்கவில்லை.

மாற்றுக் கல்லீரலுக்கான பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் குழு வியாழக்கிழமைதோறும் கூடுகிறது. ஆறு டாக்டர்கள், ஒரு மனநல நிபுணர், ஒரு வக்கீல். கோப்புகளைத் தயார்செய்து, ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, முடிவைக் குடும்பத்திடம் சொல்வது அக்காவின் வேலை. ஓட்டுப் போடும் உரிமை அவருக்குக் கிடையாது. இதை நம்பத்தான் ஆளில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சிபாரிசோடு போன் செய்கிறார்கள். "நான் பேப்பர் அடுக்குறவம்மா, என்னைப் போய்க் கேக்கறியே" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாயே வலித்துவிட்டது.

வயது ஐம்பத்து நான்கு. வலது முழங்கால் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது. ஆனாலும் லிஃப்டில் ஏறமாட்டார். கூட வரும் உறவினர்கள் அவர் முகத்தைப் பார்த்தே முடிவைப் படித்துவிடுகிறார்களாம். மூன்று மாடியும் படிதான். வீட்டில் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டார். "இந்தச் சட்டையா, அந்தச் சட்டையா?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "ரெண்டையும் போட்டுக்கோங்க, ஆளை விடுங்க" என்பார்.

போன வியாழக்கிழமை ஒரு தையல்காரரின் கோப்பு வந்தது. குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஆறு மாதமாவது ஒரு சொட்டும் தொடாமல் இருந்திருக்க வேண்டும் என்பது குழுவின் விதி. கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவது அக்காதான். குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு வார்டில் கேட்டபோது, படுக்கையிலிருந்தபடியே தையல்காரர் ஒரு தேதி சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவி குறுக்கே புகுந்தாள்.

"அது இல்லக்கா. அதுக்கப்புறம் என் தம்பி வந்திருந்தப்ப ரெண்டு பேரும் குடிச்சாங்க. பொய் சொல்லி ஏதாவது ஏடாகூடமா ஆயிட்டா? எனக்குப் பயமா இருக்கு."

அவள் சொன்ன தேதியை அக்கா எழுதினார். ஆறு மாதத்துக்கு மூன்று வாரம் குறைந்தது.

குழுவில் தலைமை டாக்டர் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் சுழித்தார். "ஆறு மாசம் முடிஞ்சதும் வரட்டும்."

"அதுவரைக்கும் தாங்கணுமே சார்" என்றார் இளைய டாக்டர்.

"தெரியும்பா. போன மாசம் பத்து நாள் குறையுதுன்னு ஒருத்தரைத் திருப்பி அனுப்பினோமே, அந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?"

தலைமை டாக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அக்காவுக்கு அதுதான் இன்னும் அலுப்பு. யாரையாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் ஒருத்தர் அகப்படுவதில்லை.

தையல்காரரின் மனைவி போனுக்காகக் காத்திருக்கவில்லை. அக்காவின் அறைக்கே வந்துவிட்டாள். அக்கா அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சுற்றிவளைக்காமல் சொன்னார். "இந்தத் தடவை இல்லம்மா. அடுத்த மாசம் மறுபடி வைக்கிறேன்."

அவள் அழவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, நான் சொன்ன அந்தத் தேதியாலயா?"

இருபது வருஷத்தில் எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறார் அக்கா. ஒரு குடும்பத்திடமும் பொய் சொன்னதில்லை.

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. ரத்தப் பரிசோதனைல ஏதோ ஒண்ணு ஒத்துவரல. நீ சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்" என்று சொல்லிக்கொண்டே, மேசையில் திறந்து கிடந்த படிவத்தின் மேல், அந்தச் சிவப்புச் சுழி மறையும்படி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார் அக்கா.