சீமெந்துக்குச் சுடுதண்ணீர்

காத்தான்குடியில் சரீபை ‘இஞ்சினியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இஞ்சினியர் இல்லை. பதினாலு வருடம் கட்டாரில் ஒரு சீமெந்துப் பரிசோதனைக்கூடத்தில் ஓட்டோகிளேவ் இயக்கியவர். இப்போது ஏறாவூரில் ஒரு தனியார் கூடத்தில் அதே வேலை. கூப்பிடுகிறவர்களைத் திருத்த அவருக்கு இதுவரை நேரம் கிடைக்கவில்லை.

ஓட்டோகிளேவ் என்பது பெரிய பிரஷர் குக்கர்தான். மனைவி கைறுன்னிஸா அப்படிச் சொன்னதற்காக சரீப் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். சீமெந்தைக் குழைத்து வார்த்த சிறு கட்டைகளை உள்ளே அடுக்கி, மூடியை இறுக்கி, கடும் ஆவியில் மூன்று மணித்தியாலம் வைக்க வேண்டும். தரம் கூடாத சீமெந்தென்றால் கட்டை ஊதி வெடிக்கும். வெளியே எடுத்ததும் கொதிநீரில் போட்டு, பச்சைத்தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து ஆற்ற வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் நல்ல சீமெந்தும் வெடித்துவிடும். எத்தனையோ பேருக்கு இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

போன நோன்பு மாதம் கொக்கட்டிச்சோலை அருமைநாயகத்தின் சீமெந்து சோதனைக்கு வந்தது. அறுபது தாண்டிய வியாபாரி. பாடசாலைக் கட்டடமொன்றுக்கு நானூறு மூட்டை கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். சோதனையில் தவறினால் அத்தனையும் அவர் கையிலேயே தங்கிவிடும், ஒப்பந்தமும் போய்விடும்.

அன்று காலை கரண்ட் நின்று வேலை பிந்திவிட்டது. பின்னேரம், அழுத்தம் இறங்கும்வரை பார்த்திருக்க வேண்டிய சரீப் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது ஐந்தரை. அழுத்தமானி பூச்சியத்தில் நின்றது, தண்ணீர்க் கேத்தல் குளிர்ந்து கிடந்தது. தண்ணீர் கொதிக்கும்வரை நின்றால் நோன்பு திறப்பது நடுவழியில்தான். வீட்டுக் கஞ்சி கண்ணுக்குள் வந்து நின்றது. கட்டைகளைத் தூக்கிப் பைப் தண்ணீர் வாளிக்குள் போட்டார்.

மறுநாள் பார்த்தால் எல்லாம் வெடித்திருந்தன. வாளி மூலையிலேயே நின்றது. அதைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சீமெந்து சரியில்லை என்று அறிக்கை எழுதினார். இஞ்சினியருக்குப் பிழை வருமா?

அருமைநாயகம் வந்தார். சரீப் சண்டைக்கு ஆயத்தமாக, நாலைந்து இங்கிலீஷ் சொற்களையும் தேடி வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. மனிதர் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், தம்பி. மூட்டய ஏத்த வேணாமெண்டு லொறிக்காரனுக்குச் சொல்லிட்டு வாறன்.”

போனை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார். திட்டியிருந்தால் சரீப் தப்பியிருப்பார். இந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை. பின்னாலேயே ஓடினார்.

“லொறிக்குச் சொல்லாதீங்க அண்ணன். சீமெந்துல பிழையில்ல. வீட்ட போற அவசரத்துல நான்தான் பச்சத்தண்ணிக்குள்ள போட்டுட்டன்.”

அருமைநாயகம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். கூடத்து முதலாளி அவருக்கும் சேர்த்துப் பேசவேண்டியதையெல்லாம் பேசினார். புதிதாகக் கட்டைகள் வார்த்து, அடுத்த நாள் மறுபடி சோதித்தார்கள். கேத்தலை மூன்று தரம் கொதிக்க வைத்த சரீப், ஒரு பேரீச்சம்பழத்தோடு கூடத்திலேயே நோன்பு திறந்தார். கட்டைகள் முழுசாக வந்தன, நானூறு மூட்டையும் பாடசாலைக்குப் போயின.

அருமைநாயகம் வேறு கூடம் தேடிப் போகவில்லை. இந்த மாதமும் ஒரு மூட்டையோடு வந்தார். முன்பெல்லாம் மாதிரியைக் கொடுத்ததும் போய்விடுகிறவர், இம்முறை சோதனை நாளன்றும் வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னேரம்வரை இருந்தார். சரீப் இடுக்கியால் முதல் கட்டையைத் தூக்கியதும் எழுந்து பக்கத்தில் வந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“சுடுதண்ணிதானே, தம்பி?”

“ஓம் அண்ணன்” என்றார் சரீப். சொன்னால் மட்டும் போதாதென்று தெரிந்தது; கேத்தல் மூடியைத் திறந்து ஆவியைக் காட்டினார்.