பூமணி அன்ரிக்குச் சொல்லாத கொலைகாரன்

பூமணி அன்ரி போய்விட்டார்.

காலையில் மெல்பேர்னில் இருந்து அவருடைய மகள் வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார். கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றபடியே படித்தேன். பஸ் வந்தது, போனது... நான் அங்கேயே நின்றேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கு அறை தந்த வீட்டுக்காரர். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ரயில் பாதையை ஒட்டின வீடு. ஒரு அறையில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நான், மற்றதில் ஹட்டன் செல்வம் அண்ணன்.

அன்ரியின் கைப்பக்குவம் போல் வராது என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் வைக்கும் சொதியில் முகம் பார்க்கலாம். அவருடைய திறமை வேறு... படம் பார்ப்பது!

ஞாயிறு பின்னேரம் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவோம். க்ரைம் படம்தான் வேண்டும். காதல் படம் என்றால் கொட்டாவி விடுவார். "ஒருத்தனும் சாகாட்டி அது என்ன படம்?"

அவர் படம் பார்ப்பதைப் பார்ப்பதற்கே பக்கத்து வீட்டார் வருவார்கள். "அடேய் விசரா, கதவைப் பூட்டடா! பின்னால நிக்கிறானடா!" என்று டிவிக்குள் இருப்பவனைப் பார்த்துக் கத்துவார். செல்வம் அண்ணன் ஆறடி ஆள். துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, "வெட்டிட்டானாங்க? இப்பப் பார்க்கலாமாங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆனால் கிளைமாக்ஸ் என்றதும் அன்ரி எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். "முடிஞ்சாப் பிறகு கூப்பிடுங்கோ. ஆர் செய்தது எண்டு மட்டும் எனக்குச் சொல்லக் கூடாது."

இத்தனை படம் பார்த்தும் ஒரு கொலைகாரனைக்கூட அவருக்குத் தெரியாது. நம்புங்கள்.

ஏன் அன்ரி என்று ஒருநாள் கேட்டேன். "தெரிஞ்சா, கேக்கிறவைக்குச் சொல்ல வேண்டி வரும் தம்பி" என்றார்.

நான் ஏன் கொழும்புக்கு வந்தேன், ஊரில் யாரோடு திரிந்தேன் என்றும் அவர் கேட்டதே இல்லை.

ஒரு படம்... பெயர் வேண்டாம். அவ்வளவு வேகம். வெளியே ஒரு ரயில் கடந்து போவதற்குள் உள்ளே இரண்டு கொலை முடிந்துவிடும். ரயில் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்காது.

அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பொலிஸ் செக்கிங் வந்தது. ஒரு சார்ஜன், பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்.

அப்போது வடக்கில் இருந்து வருபவர்கள் கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிய வேண்டும். எனக்கு இன்னும் பொலிஸ் பதிவு கிடைக்கவில்லை. அது இல்லாமல் பிடிபட்டால் ஜீப்தான். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம்.

சார்ஜன் என் அடையாள அட்டையை வாங்கினார். யாழ்ப்பாண விலாசத்தைப் பார்த்தார். பதிவு எங்கே என்று கேட்க வாயைத் திறந்தார்...

டிவியில் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே பிணம்.

அன்ரி போட்ட கூச்சலில் கான்ஸ்டபிள் ஒருவர் துவக்கைத் தூக்கிவிட்டார். சார்ஜன் திரும்பி டிவியைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தவர்தான்.

அன்ரி அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். சிங்களத்தில் கதை சொல்லத் தொடங்கினார். இவன் டொக்டர், இவன் வக்கீல், இவர் கேஸை விசாரிக்கிற இன்ஸ்பெக்டர். சார்ஜனுக்கு டொக்டரில்தான் சந்தேகம். எந்த நேரமும் கை கழுவுகிறானாம்.

கிளைமாக்ஸ் வருவதற்குள் வாக்கி டோக்கியில் அழைப்பு வந்தது. மனுஷனுக்குப் போக மனமே இல்லை. டிவியைப் பார்த்தபடியே அட்டையை என் கையில் திணித்துவிட்டுப் போனார். பதிவைப் பற்றிய கேள்வி அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

அடுத்த கிழமை அதே சார்ஜன் கேட்டில். தனியாக. நான் குளியலறைக்குள் பாய்ந்துவிட்டேன்.

"மெருவே கவுத?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. கொன்றது யார்?

"மம தன்னே நெ, மாத்தயா." எனக்குத் தெரியாது ஐயா. அன்ரி சொன்னது சத்தியமான உண்மை. ஆனால் வீட்டில் இருந்து படம் பார்த்துவிட்டுத் தெரியாது என்றால் எந்தப் பொலிஸ்காரர் நம்புவார்? சார்ஜனின் குரல் மாறியது. அந்தப் பொடியன் எங்கே, அவனைக் கூப்பிடு என்றார்.

வெளியே வந்தேன். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதை இந்த மனிதரிடம் சொல்லவே முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பொய் ஒன்றைத் தேடிக்கொண்டே அன்ரியைப் பார்த்தேன்.

அன்ரி என் முகத்தை ஒருதரம் பார்த்தார்.

"ஆ... தொஸ்தர! தொஸ்தர, மாத்தயா!" டொக்டராம். இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலத் தலையில் தட்டிக்கொண்டார்.

"மம கிவ்வனே!" நான் அப்போதே சொன்னேனே என்று சார்ஜன் தொடையில் அடித்துச் சிரித்தார். என் முதுகிலும் ஒரு தட்டு. போய்விட்டார். அதன் பிறகு ரோட்டில் என்னைக் கண்டால் பதிவைக் கேட்கமாட்டார், கை கழுவுவதுபோல் காட்டிச் சிரிப்பார்.

அன்றைக்குக் கேட்டைப் பூட்டியதும் நான், "அன்ரி, அது டொக்டர் இல்லை..." என்று தொடங்கினேன்.

"வாயை மூடு! எனக்குச் சொல்லாதை. உன்ர முகத்தைப் பாக்கவே அது அந்தாளுக்குச் சொல்லக் கூடாத பேர் எண்டு விளங்கிச்சு. நான் சாகேக்க சொல்லு, காணும்."

அன்ரி மகளிடம் மெல்பேர்னுக்குப் போன பிறகும் வீடியோ கோலில் கேட்பேன். "இப்ப சொல்லட்டோ அன்ரி?"

"பொறு, பொறு. நான் இன்னும் உசாராத்தான் இருக்கிறன்."

இந்தப் பொங்கலுக்கும் அதே பதில். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். இன்றைக்கு எழுதும்போது கண் கலங்குகிறது, சிரிப்பும் வருகிறது... என்ன செய்ய.

போயிட்டு வாங்கோ அன்ரி. இனி உங்களை விசாரிக்க ஒருத்தரும் கேட்டுக்கு வரமாட்டினம். அதால சொல்றன்.

இன்ஸ்பெக்டர்.